குகையில் ஒரு பணியாள்

அன்புள்ள சவரி,

உன் கடிதம் கிடைத்தது. மகள் பேறுகாலத்துக்கு வந்திருப்பதும், ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பவுல் சபையின் வீட்டுச் சந்திப்புகளை நீ விடாமல் செய்துவருவதும் அறிந்து மகிழ்ந்தேன். இங்கே நலமே, மூட்டுவலி முழந்தாளிட விடுவதில்லை, நாற்காலியில் அமர்ந்தே செபிக்கிறேன்.

நற்செய்திக் காட்சிகளைக் கற்பனை செய்து செபிப்பது வெறும் பகற்கனவு, அதனால் பசித்தவனுக்கு என்ன பயன் என்று கேட்டிருந்தாய். இந்தச் செபமுறையைக் கற்பித்த, இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார் தொடங்கியதே பகற்கனவில்தான். 1521 மே மாதம் ஸ்பெயினின் பம்ப்லோனாவில் நடந்த போரில் பீரங்கிக் குண்டு காலை முறித்துவிட, படுக்கையில் கிடந்தவர், உயர்குலப் பெண்ணொருத்திக்காகத் தாம் ஆற்றப்போகும் வீரச்செயல்களை மணிக்கணக்கில் எண்ணிக் களித்தார். புனிதர் சரிதைகளைப் படித்தபின், பிரான்சிசையும் தொமினிக்கையும் போல வாழ்வதாகவும் எண்ணிப் பார்த்தார். இரண்டுமே இனித்தன, ஆனால் முன்னது கலைந்ததும் மனம் வறண்டது, பின்னது கலைந்த பிறகும் மகிழ்ச்சி தங்கியது. கற்பனையைச் சோதித்தறியும் வழி அவருக்குப் பிடிபட்டது அந்தப் படுக்கையில்தான்.

திருத்தந்தை மூன்றாம் பவுல் 1548-இல் ஒப்புதல் அளித்த அவருடைய 'ஆன்மீகப் பயிற்சிகள்' என்ற நூலில், கிறிஸ்து பிறப்புத் தியானத்தை எடுத்துப் பார். நாசரேத்திலிருந்து பெத்லகேம் போகும் வழியின் நீள அகலம் என்ன, அது சமதளமா மேடுபள்ளமா, குகை பெரிதா சிறிதா, தாழ்ந்ததா உயர்ந்ததா என்றெல்லாம் மனக்கண்ணால் பார்க்கச் சொல்கிறார். அதன்பின், எளிய, தகுதியற்ற அடிமையாக அங்கே நின்று, அவர்களுடைய தேவைகளுக்குப் பணிசெய் என்கிறார். உன் கேள்விக்கு விடை இந்த ஒரு வரியில் இருக்கிறது என்பேன். வேடிக்கை பார்ப்பவனுக்கு அந்தக் குகையில் இடமில்லை. வைக்கோல் பரப்பவோ தண்ணீர் கொண்டுவரவோ கை நீண்டாகவேண்டும். 1538–39 குளிர்காலப் பஞ்சத்தில், ரோம் நகரத் தெருக்களில் கிடந்தவர்களை இஞ்ஞாசியாரும் தோழர்களும் தாங்கள் தங்கியிருந்த வீட்டுக்கே கொண்டுவந்து உணவும் படுக்கையும் கொடுத்தார்கள். (தியானம் கொடுக்கும் சிலர் இதைச் சொல்லாமல், கண்ணீர் வரவழைப்பதோடு நிறுத்திக்கொள்வது எனக்கு உடன்பாடில்லை.)

கண்ணை மூடினால் எனக்கு ஒன்றுமே தெரிவதில்லை என்றும் எழுதியிருந்தாய், அதற்காக வருந்தாதே. செப வாழ்வைப் பற்றி நூல்கள் எழுதிய புனிதர் அவிலா தெரேசாவே தமக்குக் கற்பனைத் திறன் குறைவு என்று எழுதியிருக்கிறார். கைதாகுமுன் கெத்சமனித் தோட்டத்தில் தனித்திருந்த இயேசுவின் அருகில் இருப்பது அவருக்குப் போதுமாயிருந்தது.

சென்ற மாதத் தியானத்தில் எனக்கு, நெடுநாள் நோயாளி ஒருவரை இயேசு குணமாக்கிய பெத்சதா குளக் காட்சி கொடுக்கப்பட்டது. "என்னைக் குளத்தில் இறக்கிவிட ஆள் இல்லை" என்ற அந்த நோயாளியின் குரலோடு ஒரு மணிநேரம் இருந்தேன். அந்த வாரமே, நான் வழக்கமாகப் போகும் முதியோர் இல்லத்தில், பக்கவாதத்தால் கை மடங்கிப்போன பெரியவர் ஒருவருக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தேன். விரல்களை ஒவ்வொன்றாக விரித்துப் பிடிக்கவேண்டியிருந்தது. உள்ளங்கையில் நகம் பதிந்து புண்ணாகியிருந்தது. பலமுறை அவரருகே அமர்ந்து பேசியிருந்தும், மூடிய அந்தக் கைக்குள் என்ன இருக்கிறது என்று அன்றுதான் பார்க்கத் தோன்றியது.

அடுத்த வீட்டுச் சந்திப்புக்கு முன் நீயும் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு கால்மணி நேரம் அமர்ந்து பார். எந்தப் பகுதி, என்ன நேர்ந்தது என்று விரிவாக எழுது. பேரப்பிள்ளை பிறந்ததும் தகவல் சொல்.

உன்
அந்தோணி