மைக்ரோவேவ் எண்ணெய்: மின்சாரக் கணக்கையும் காட்டுங்கள்

நிலத்தடி ஷேல் பாறையை மைக்ரோவேவால் சூடாக்கி எண்ணெய் எடுக்க முயலும் ஆய்வாளர்களுக்கும், அவர்களுக்குப் பணம் தருபவர்களுக்கும்,

வணக்கம்.

இந்த யோசனை ஏன் ஈர்க்கிறது என்று புரிகிறது. அந்தப் பாறையில் இருப்பது கெரோஜன் என்னும் கெட்டிப் பொருள். சுமார் 350 டிகிரி செல்சியஸ் சூட்டில்தான் அது எண்ணெயும் வாயுவுமாகப் பிரியும். அமெரிக்காவின் கொலராடோவில் ஷெல் என்னும் எண்ணெய் நிறுவனம் துளைகளில் மின்சூடேற்றிகளை இறக்கிப் பார்த்தது. பாறை வெப்பத்தை மெதுவாகத்தான் கடத்தும் என்பதால் வருடக்கணக்கில் சூடாக்க வேண்டும். 2013இல் அங்கிருந்து விலகிவிட்டார்கள். அலைகளோ பாறைக்கு உள்ளேயே வெப்பத்தை உண்டாக்கும். வேலை சீக்கிரம் முடியும். சரி.

ஆனால் சீக்கிரம் முடிவதால் செலவாகும் ஆற்றல் பெரிதாகக் குறைந்துவிடாது. தோராயமாக ஒரு கணக்கு போடுகிறேன். நல்ல ஷேல் ஒரு டன்னில் சுமார் 100 லிட்டர் எண்ணெய் கிடைக்கும். அந்த ஒரு டன்னைச் சூடேற்ற, பாறைக்குள் போய்ச் சேரும் ஆற்றல் மட்டுமே 100 யூனிட்டை (கிலோவாட் மணி) ஒட்டி வரும். அலையை உண்டாக்கும் கருவியில் மூன்றில் ஒரு பங்கு வீணானால், மின்சாரம் 150 யூனிட். அது அனல் மின்நிலையத்திலிருந்து வந்தால், அங்கே எரியும் எரிபொருள் அதைப்போல மூன்று மடங்கு, அதாவது 450. கிடைக்கும் எண்ணெயின் வெப்பமோ ஏறத்தாழ 1,000 யூனிட். கிட்டத்தட்ட பாதி அங்கேயே போயிற்று! பம்பு, நிலத்தடி நீரைத் தடுக்கும் ஏற்பாடு, சுத்திகரிப்பு எல்லாம் இதற்கு மேல். அந்த 100 லிட்டரும் முழுசாக மேலே வந்துவிடாது. கூடவே வரும் வாயுவை வரவில் சேர்த்துக்கொள்ளுங்கள், ஆட்சேபணை இல்லை.

அப்புறம், அலை எவ்வளவு தூரம் போகும் என்ற சிக்கல். சமையலறை அடுப்பின் 2.45 கிகாஹெர்ட்ஸ் அலை பாறைக்குள் அதிகம் ஊடுருவாது. அலைவெண்ணைக் குறைத்தால் ஆழம் கூடும். ஆனால் கரிந்த பகுதி அலையை மேலும் விழுங்கும். துளையை ஒட்டிய பாறை கொதிக்க, தள்ளியிருப்பது குளிர்ந்தே கிடக்கும். ஆய்வகத்தில் கைப்பிடிக் கல்லில் கிடைத்த முடிவு இதைக் காட்டாது.

அமெரிக்கப் பாதுகாப்புத் தளவாட நிறுவனமான ரேதியான், ஷேலைச் சூடாக்க உருவாக்கிய வானலை (ரேடியோ அலை) நுட்பத்தை 2008இல் எண்ணெய்த் துறைச் சேவை நிறுவனமான ஷ்லம்பர்ஜர் வாங்கியபோதும் பெரிய எதிர்பார்ப்பு இருந்தது. எதிர்பார்ப்பு மட்டும் போதாது. ஆகவே அடுத்த அறிக்கையில், எத்தனை மணி நேரத்தில் எண்ணெய் வந்தது என்பதோடு, மின்நிலையத்தில் எரிந்த எரிபொருளிலிருந்து தொடங்கும் ஆற்றல் வரவுசெலவையும், துளையிலிருந்து எத்தனை மீட்டர் வரை 350 டிகிரி எட்டியது என்பதையும் வெளியிடுங்கள். பணம் தருபவர்கள் அதைப் பார்த்த பிறகு அடுத்த தவணையைத் தரலாம்.