காட்பாடியில் இறங்கிய பிறகு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பஸ், மெட்ரோ, மின்சார ரயில் மூன்றுக்கும் செல்போனிலேயே ஒரே டிக்கெட் தரும் ‘சென்னை ஒன்’ செயலி பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். சொந்தக் கார் வைத்திருப்பவர்கள் இதற்கெல்லாம் மாறுவார்களா என்று அதில் கேட்டிருந்தீர்கள். மாறுவோம் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். நான் வேலூர் சத்துவாச்சாரியில் இருக்கிறேன். வாரத்தில் நான்கு நாள் ரயிலில் சென்னைக்கு வேலைக்குப் போய் வருகிறேன்.

காட்பாடியிலிருந்து சென்ட்ரல் ஏறக்குறைய 130 கிலோமீட்டர். அந்த தூரத்தில் எனக்கு ஒரு கவலையும் இல்லை. சீசன் டிக்கெட் இருக்கிறது, கூட வருகிறவர்கள் இருக்கிறார்கள். சென்ட்ரலில் இறங்கினால் மெட்ரோ காலடியிலேயே. ஒரே அட்டையைக் காட்டி மெட்ரோவிலும் போகிறேன், மாநகர பஸ்ஸிலும் போகிறேன். திரும்பிக் காட்பாடியில் இறங்கி வீடு வந்து சேரும் கடைசி எட்டு ஒன்பது கிலோமீட்டருக்காகத்தான் நாங்கள் கடன் போட்டுக் கார் வாங்கினோம்.

இரவு எட்டு மணிக்கு மேல் காட்பாடி ஸ்டேஷன் வாசலில் ஒரு பத்து நிமிடம் நின்று பாருங்கள். வரிசையாகக் கார்களும் பைக்குகளும் நிற்கும். ஒவ்வொன்றிலும் ஒரு கணவரோ அப்பாவோ அண்ணனோ, ரயிலில் வரும் ஒரே ஒருவருக்காகக் காத்திருப்பார். என் வீட்டுக்காரரும் அங்கே இருப்பார். பையனுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவர், பாதியில் எழுந்து பாலாற்றுப் பாலத்து நெரிசலைத் தாண்டி வந்திருப்பார். ரயில் தாமதம் என்றால் வண்டியிலேயே முக்கால் மணி நேரம். அவ்வளவு வண்டிகள் அந்தப் பாலத்தின் மேல் போவதும் வருவதும், ரயிலும் டவுன் பஸ்ஸும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளாததால்தான்.

பஸ்ஸே இல்லை என்று நான் சொல்லவில்லை. காட்பாடிக்கும் பாகாயத்துக்கும் நடுவே ஓடும் 1, 2 நம்பர் பஸ்களை வேலூரில் தெரியாதவர் கிடையாது. பகலில் நிறையவே வரும். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமும் இல்லை. காசே கொடுக்க வேண்டாம் என்றிருந்தும் இரவில் நான் அதை நம்பி ஸ்டேஷனைவிட்டு வெளியே வருவதில்லை. அடுத்த பஸ் எப்போது வரும் என்று சொல்ல ஆளில்லை. வந்தாலும் வழியில் கிரீன் சர்க்கிள் சந்திப்பில் இறங்கிச் சத்துவாச்சாரிக்கு இன்னொன்று பிடிக்க வேண்டும், அது வருமா என்பது அதைவிடப் பெரிய சந்தேகம். சென்ற மழைக்காலத்தில் ஒருநாள் வீட்டில் வண்டி பழுது. ரயில் வந்து நின்றபோது பஸ் வெளியேறிக்கொண்டிருந்தது, அதன் பின்விளக்கை நான் பார்த்தேன். ஆட்டோவுக்கு அன்று கொடுத்த தொகையை இங்கே எழுத மனம் வரவில்லை.

நானாவது உள்ளூர்க்காரி. சி.எம்.சி.க்கு வைத்தியத்துக்காக மேற்கு வங்கத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் இரண்டு நாள் ரயிலில் வருகிறவர்கள், ஸ்கேன் கவரை மார்போடு அணைத்துக்கொண்டு, தெரியாத பாஷையில் அதே வாசலில் பேரம் பேசுகிறார்கள். ஊரில் டிக்கெட் எடுக்கும்போதே மருத்துவமனை வாசல் வரைக்கும் சேர்த்து அவர்களால் எடுக்க முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

எல்லாவற்றுக்கும் ஒரே டிக்கெட் என்பது வெளிநாட்டுப் பகட்டு என்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பின்லாந்தின் ஹெல்சிங்கி நகரில் 2016-ல் ‘விம்’ என்ற செயலி வந்தது. மாதச் சந்தா கட்டினால் டிராம், பஸ், டாக்சி, வாடகைக் கார் எல்லாம் அதிலேயே. அதை நடத்திய தனியார் நிறுவனம் 2024-ல் திவாலாகிவிட்டது. ஜனங்களுக்கு ஆர்வம் இல்லை என்பதற்கு இதையே சாட்சியாகக் காட்டுகிறார்கள். ஆனால் ஜெர்மனியில் 2023 மே மாதம் 49 யூரோ மாதச் சீட்டை அரசே கொண்டுவந்தது. நாடு முழுக்க உள்ளூர் பஸ், டிராம், வட்டார ரயில் எல்லாவற்றுக்கும் அந்த ஒரு சீட்டு போதும். விலை ஏறிய பிறகும் ஒரு கோடிக்கு மேற்பட்டவர்கள் அதை வைத்திருக்கிறார்கள். அரசு முன்நின்று சேர்த்துவைத்தால் ஜனங்கள் வருவார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது.

சென்னையில் இதற்காகவே 2010-ல் சட்டம் போட்டு, பஸ்ஸையும் ரயிலையும் மெட்ரோவையும் ஒன்றாக யோசிக்க ஒரு குழுமம் அமைத்தார்கள். 2022-ல் பெருநகர எல்லையை 5,904 சதுர கிலோமீட்டராக விரித்தபோது நம் ராணிப்பேட்டை மாவட்டத்து அரக்கோணம் பகுதியும் உள்ளே வந்தது. அங்கிருந்து எக்ஸ்பிரஸில் காட்பாடிக்கு ஒரு மணி நேரம்கூட ஆகாது. வாலாஜா ரோட்டிலும் காட்பாடியிலும் தினமும் ஏறி இறங்குகிற நாங்கள் மட்டும் ஏன் வெளியே நிற்க வேண்டும்? சென்னை கடற்கரை ஸ்டேஷனிலிருந்து வேலூர் கண்டோன்மென்ட் ஸ்டேஷன் வரை வந்துகொண்டிருந்த ரயிலை 2024 மே மாதம் திருவண்ணாமலைக்கு நீட்டினார்கள், எல்லோருக்கும் சந்தோஷம். கண்டோன்மென்ட்டில் இறங்கியவர் வீட்டுக்கு எப்படிப் போவார் என்பதையும் அன்றே சேர்த்து யோசித்திருக்கலாம்.

செயலி பிறகு வரட்டும். முதலில் மாலை ரயில்களுக்கு மட்டும், ரயில் வந்த பிறகே கிளம்புகிற ஒரு பஸ்ஸைக் காட்பாடியில் நிறுத்தட்டும். கிரீன் சர்க்கிளில் அதற்காக ஒரு சத்துவாச்சாரி பஸ் காத்திருக்கட்டும். பஸ் போகாத தெருக்களுக்கு ஷேர் ஆட்டோக்காரர்களையும் இதே ஏற்பாட்டில் சேர்த்து, நிர்ணயித்த கட்டணத்தில் ஓட்டச் சொல்லலாம். அவர்களுக்கும் அது நிச்சயமான வருமானம்.

ஒரு மாதமாக நான் வரும் ரயில் எத்தனை மணிக்கு நின்றது, அதன்பிறகு முதல் பஸ் எத்தனை மணிக்குக் கிளம்பியது என்று ஒரு நோட்டில் குறித்து வருகிறேன். எங்கள் பெட்டியில் வரும் மற்ற பெண்களும் இப்போது குறிக்க ஆரம்பித்திருக்கிறார்கள். பொறுப்பில் இருப்பவர்கள் யாராவது கேட்டால் அந்த நோட்டை நானே நேரில் கொண்டுவந்து தருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சத்துவாச்சாரி, வேலூர்.