புள்ளிக் கணக்கு ஊர் கையில் இருக்கட்டும்

நம் ஊர் நகரத்தார் காரியக்காரர்கள் அனைவருக்கும் வணக்கம்.

புள்ளி வரிக் கணக்கையும் (திருமணமான ஒவ்வொரு குடும்பத்தையும் ஒரு புள்ளியாக எண்ணி வாங்கும் வரி) கோயில் ரசீதையும் கணினிக்கு மாற்றப் போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். ரொம்ப சந்தோஷம். ஆனால் ஆண்ட்ராய்டுக்கு ஒன்று, ஐபோனுக்கு ஒன்று, கணக்குப்பிள்ளையின் கணினிக்கு ஒன்று என்று மூன்று மென்பொருளுக்கு விலை கேட்டிருப்பதாகவும் சொல்கிறார்கள். தயவுசெய்து அது வேண்டாம்.

வரித்தொகை மாறினால் மூன்றிலும் மாற்ற வேண்டும். ஒன்றில் விட்டுப்போனால் சிங்கப்பூரில் இருக்கும் புள்ளிக்கு ஒரு தொகை, தேவகோட்டையில் இருக்கும் புள்ளிக்கு வேறு தொகை காட்டும். ஊர்க் கூட்டத்தில் அதற்கு யார் பதில் சொல்வது? பிரவுசரில் திறக்கிற ஒரே செயலி போதும். கணக்கெல்லாம் சர்வரில், அதாவது இணையத்தில் ஓடும் ஒரே மையக் கணினியில், நடக்கட்டும். திரைக்கு ஏற்ப மாற வேண்டியது தோற்றம் மட்டும்தான். கணக்குப்பிள்ளைக்கு எட்டுப் பத்தி அட்டவணையாகத் தெரிவது, ஆச்சியின் கைபேசியில் பெயர், தொகை, 'செலுத்து' பொத்தான் என்று ஒன்றன்கீழ் ஒன்றாக வந்து நிற்கும். திரையின் அகலம் பார்த்து வடிவத்தை மாற்றும் இந்த வசதி 2012லேயே இணையத் தரமாகிவிட்டது.

சர்வர் மென்பொருளுக்கும் உரிமக் கட்டணம் வேண்டாம். ஜாவா மொழியில் எழுதிய செயலிகளை சர்வரில் ஓட்டுவதற்கு, 1999இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் அப்பாச்சி அறக்கட்டளைக்குக் கொடுத்த நிரலிலிருந்து வளர்ந்த டாம்கேட் இருக்கிறது. இன்னும் பெரிதாக வேண்டுமென்றால் வைல்ட்ஃப்ளை. முன்பு ஜேபாஸ் என்றிருந்தது, 2014இல் வந்த எட்டாம் பதிப்பிலிருந்து இந்தப் பெயர். இரண்டும் திறமூலம், அதாவது நிரலை யாரும் பார்க்கலாம், கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். நம் தேவைக்கு டாம்கேட்டும் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளமும் தாராளம் என்பது என் கருத்து. சர்வர் வாடகை, பாதுகாப்புத் திருத்தங்கள், தினசரி நகலெடுப்பு இவற்றுக்குச் செலவு உண்டு. அதை மறைத்து யாராவது 'எல்லாம் இலவசம்' என்றால் நம்பாதீர்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். நம் வீடுகளில் முற்றம் தாண்டி உள்ளே இரண்டாம் கட்டுக்குப் போனாலே சிக்னல் போய்விடும். அங்கே உட்கார்ந்து ஒருவர் வரி கட்டுகிறார், திரை சுற்றிக்கொண்டே நிற்கிறது, மறுபடி அழுத்துகிறார். இரண்டு வரவாகப் பதிந்துவிடக் கூடாது. ஒவ்வொரு கட்டணத்துக்கும் கைபேசியே ஒரு தனி எண்ணைச் சேர்த்து அனுப்ப வேண்டும். அதே எண் திரும்ப வந்தால் சர்வர் பழைய ரசீதையே கொடுக்க வேண்டும். வரவும் ரசீதும் சேர்ந்தே பதிய வேண்டும், இல்லையென்றால் இரண்டுமே பதியக் கூடாது. செய்து தருபவரிடம் இதைச் சிக்னல் இல்லாத இடத்தில் வைத்துச் செய்து காட்டச் சொல்லுங்கள்.

எனக்குத் தெரிந்த ஓர் ஊரில் செயலி செய்தவர்கள் கடையை மூடிவிட்டார்கள். மூல நிரல், அதாவது செயலியை எழுதிய அசல் நிரல், ஊரிடம் இல்லை. கணக்கையெல்லாம் பழைய ரசீதுக் கட்டுகளிலிருந்து மறுபடி ஏற்றினார்கள். நமக்கு அந்த நிலை வர வேண்டாம். நிரலும் தரவும் சர்வர் கடவுச்சொற்களும் ஊருக்கே சொந்தம் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். ஜாவா தெரிந்த பிள்ளைகள் காரைக்குடிக் கல்லூரிகளிலேயே இருக்கிறார்கள்; நிரல் நம் கையில் இருந்தால் யாரை வைத்தும் பராமரித்துக்கொள்ளலாம்.

அப்புறம், புள்ளிப் பட்டியலில் குடும்ப விவரமும் முகவரியும் இருக்கின்றன. அவரவர் பக்கம் அவரவருக்கு மட்டும், முழுப் பட்டியல் காரியக்காரர்களுக்கும் கணக்குப்பிள்ளைக்கும் மட்டும் என்பதையும் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

இப்படிக்கு,
நம் ஊர்ப் புள்ளி ஒருவன்