மூன்றாம் தரம் சொல்ல உதவியவர்களுக்கு

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். ஏலம் முடிந்து நான்கு நாள் ஆகிறது. தூங்கி எழுந்து இப்போதுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

கஜா புயல் 2018 நவம்பர் 16 நள்ளிரவு தாண்டி நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரை கடந்தது. அடுத்த வாரம் பேராவூரணிப் பக்கம் போய் வந்த ஓவியர்கள் சிலர், "எங்களிடம் பணம் இல்லை, படம் இருக்கிறது" என்று 43 ஓவியங்களைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அவற்றை ஏலம் விட்டு, சாய்ந்து கிடக்கும் மரங்களை அகற்றவும் தென்னங்கன்று வாங்கவும் பணம் திரட்டுவதாக ஏற்பாடு. நெட்டைத் தென்னை காய்ப்புக்கு வர ஆறேழு வருடம் ஆகும். ஆனால் புயல் செய்தி ஒரு மாதம்கூடத் தாங்காது. அதனால் அவசரம். ஏலத்துக்கான இணையதளம் கட்டக் கிடைத்தது 11 நாள், அதுவும் வேலைக்குப் போய் வந்த பிறகு.

முதல் நன்றி, கணினியைத் தொட்டே பார்க்காத ஒருவருக்கு. தளத்துக்குப் பக்கங்கள் வரைந்து கொடுத்த தங்கையின் பெரியப்பா, நாகை மீன்பிடித் துறைமுகத்தில் ஏலம் கூறுகிறவர். படகுகள் உடைந்து கிடந்ததால் வேலையில்லாமல் சென்னையில் தம்பி வீட்டில் இருந்தார். இரவு 9 மணிக்கு ஏலம் தானாக முடிந்துவிடும் என்று நான் பெருமையாகத் திரையைக் காட்டினேன். "ஒம்பது அடிக்கிற நேரத்துல ஒருத்தன் நூறு ரூவா ஏத்திட்டுப் போயிடுவான். மத்தவன் வாயத் தொறக்க நேரம் குடுத்தியா தம்பி? ஒரு தரம், ரெண்டு தரம்னு எதுக்குச் சொல்றோம்?" என்று கேட்டார். அன்றிரவே மாற்றினோம். கடைசி மூன்று நிமிடத்துக்குள் யாராவது விலையை ஏற்றினால், அந்த ஓவியத்துக்கு மட்டும் இன்னும் மூன்று நிமிடம் நீளும். ஏல மென்பொருள் எழுதிப் பழகியவர்களுக்கு இது தெரிந்த வழிதானாம். எனக்குத் துறைமுகத்திலிருந்துதான் வந்து சேர்ந்தது.

பொத்தானில் 'விலையைச் சமர்ப்பிக்கவும்' என்று எழுதியிருந்ததைப் பார்த்தும் அவர் சிரித்தார். ஏலத்தில் யார் சமர்ப்பிக்கிறார்கள், கேட்கத்தானே செய்கிறார்கள்? 'கேட்கிறேன்' என்று மாற்றினோம்.

அப்புறம், டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து ஒன்று, இரண்டு, மூன்று எண்ணி ஒரே நேரத்தில் இரண்டு கைபேசிகளில் அதே தொகையைக் கேட்ட கல்லூரித் தம்பிகள். முதல் தடவை இருவருக்குமே 'உங்களுடையதுதான் உயர்ந்த விலை' என்று காட்டியது. ஒரு கேட்பைச் சரிபார்த்துப் பதிவு செய்யும்வரை விலைகள் பதிவாகும் டேட்டாபேஸில் அந்த ஓவியத்தின் பதிவைப் பூட்டி, அடுத்த கேட்பைக் காத்திருக்க வைக்க வேண்டும் என்பது அப்போதுதான் உறைத்தது. அதைச் சரிசெய்ய ஒரு முழு இரவு போனது. டீக்காசு இன்னும் பாக்கி தம்பிகளா, மறக்கவில்லை.

மாடி வீட்டு அம்மா ஒருவர் சோதித்துப் பார்க்க 15,000 என்று அடித்தார். '15 ரூபாய் போதாது' என்றது தளம். கமாவுக்குப் பிறகு இருப்பதை என் நிரல் படிக்கவே இல்லை. நாங்கள் எல்லோரும் கமா போடாமலே சோதித்துக்கொண்டிருந்தோம்! கமா போட்டு ஒழுங்காக எண் எழுதுகிற ஒருவர் வந்துதான் அது வெளிப்பட்டது. சர்வர் கடிகாரம் லண்டன் நேரத்தில் ஓட, ஏலம் விடிகாலை 2:30க்கு முடிவதாகக் கிடந்ததையும் அவர்தான் கண்டுபிடித்தார்.

எங்கள் ஆடிட்டருக்குத் தனி நன்றி. அவரிடம் பேசாமல் திறந்திருந்தால் வம்பில் மாட்டியிருப்போம். பணம் வாங்கும் அறக்கட்டளைக்கு வெளிநாட்டு நன்கொடை பெறும் எஃப்சிஆர்ஏ பதிவு கிடையாது. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் சிங்கப்பூரில் இருந்தாலும் கவலையில்லை, அந்த நாட்டுக் குடிமகன் ஆகிவிட்டவரிடம் வாங்கக் கூடாது என்று விளக்கினார். பதிவுப் பக்கத்தில் அந்தக் கேள்வியைச் சேர்த்தோம். அதனால் ஒதுங்க வேண்டியிருந்த நண்பர்கள் கோபிக்காமல் மற்றவர்களுக்குச் சொல்லி அனுப்பினார்களே, அவர்களுக்கும் நன்றி. யூபிஐயில் ஒரு தடவைக்கு உச்சவரம்பு உண்டு, வங்கிக்கு வங்கி பணம் அனுப்பும் நெஃப்ட் 2018இல் ஞாயிற்றுக்கிழமை ஓடவில்லை என்பதையும் அவரே நினைவூட்டி, பணம் கட்டத் திங்கள் மாலை வரை தவணை வைக்கச் சொன்னார்.

பணப்பரிமாற்ற நிறுவனம் ஒன்று ஒரே ஆவணத்தை மூன்று முறை கேட்டு, முந்தின நாள் மாலை அனுமதி தந்தது. அந்த ஆறு நாள் படபடப்பைப் பற்றி வேறொரு நாள் பேசுவோம்.

கடைசி ஓவியம் 9 மணிக்கு முடிய வேண்டியது, 9:48 வரை இழுத்தது. பெரியப்பா என் நாற்காலிக்குப் பின்னால் நின்றபடி ஒவ்வொரு நீட்டிப்புக்கும் "ரெண்டு தரம்" என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். கடிகாரம் நின்றதும் அறை அதிர "மூணு தரம்!" என்றார். கீழ் வீட்டுக்காரர் என்னவோ ஏதோ என்று ஓடி வந்தார். அவரிடமும் மன்னிப்பு.

கணக்கு ஆடிட்டரிடம் இருக்கிறது. சரிபார்த்ததும் எல்லோருக்கும் அனுப்புகிறேன். ஓவியம் எடுத்தவர்கள் ஞாயிறு காலை 10 மணிக்கு மேல் வாருங்கள். மாடிப்படி குறுகல், பெரிய படம் எடுத்தவர்கள் கூட ஒரு ஆளைக் கூட்டி வாருங்கள்.

அன்புடன்,
ஏலத் தளத்துக்காக