சங்க நிர்வாகிகளே, 55 பேரை ஒரே பஸ்ஸில் மலைக்கு ஏற்றாதீர்கள்

அன்புள்ள அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும்,

வணக்கம். செவ்வாய்க்கிழமை ராத்திரி நீங்கள் போட்ட அறிவிப்பைப் பார்த்தேன். செப்டம்பர் 24, தென்னாப்பிரிக்காவின் பாரம்பரிய தின விடுமுறை, ஜோகன்னஸ்பர்க் பக்கத்து மிட்ராண்டிலிருந்து விடியற்காலை 2 மணிக்கு ஒரு பெரிய பஸ், 55 பேர், டிராக்கன்ஸ்பெர்க் மலைத்தொடரில் சென்டினல் பாதையில் ஏற்றம், மேலே போய் பிரியாணி, ஸ்பீக்கர் சங்கத்துடையது, ராத்திரிக்குள் வீடு. அதற்குக் கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள். மே மாதம் நாம் தாமதமாகக் கொண்டாடிய சித்திரை விழாவில், சாப்பாட்டு வரிசையில் நின்றுகொண்டு நான் அளந்த கதையிலிருந்துதான் இந்தத் திட்டம் முளைத்தது என்று எனக்குத் தெரியும். அதனால் பாதிப் பழி என்மேல். சாப்பாட்டு வரிசையில் முழுக்கதையும் சொல்ல முடியாது, ரசம் வந்துவிடும். மிச்சத்தை இங்கே சொல்கிறேன்.

ஏப்ரல் கடைசியில், சுதந்திர தின விடுமுறையோடு சேர்த்து நாங்கள் ஏழு பேர் போனோம். என்3 சாலையில் ஹாரிஸ்மித் வரை, அங்கிருந்து திரும்பி புத்தடிஜாபா, அதைத் தாண்டி மலை. ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து 300 கிலோமீட்டருக்கு மேல். முந்தின நாளே போய்ப் பக்கத்தில் தங்கினோம், ராத்திரி முழுக்கக் குளிரில் தூக்கமே இல்லை. காலையில் எங்களைக் கூட்டிப்போக வந்த வழிகாட்டி, கழுத்தில் அடையாள அட்டை தொங்க, வணக்கம் சொல்வதற்கு முன்னால் எங்கள் ஏழு பேர் காலையும் பார்த்தார். முகத்தைப் பார்க்கவே இல்லை, ஷூவைத்தான் பார்த்தார். ஒருவர் ஆபீஸுக்குப் போட்டுப் போகிற வழவழப்பான ஷூவோடு வந்திருந்தார் (யார் என்று சொல்லமாட்டேன், அவர் இந்தக் குழுவில்தான் இருக்கிறார்). அவரைத் திருப்பி அனுப்பி, தங்கிய இடத்தில் யாரிடமோ இரவல் வாங்கிப் போட்டு வரச் சொன்ன பிறகுதான் நாங்கள் கிளம்பினோம்.

வழிகாட்டி அந்த ஊர்க்காரர், செசோத்தோ மொழி பேசுகிறவர். நாங்கள் அவரை ‘ந்தாதே’ என்று கூப்பிட்டோம், நம் ‘ஐயா’ மாதிரி. அவருடைய வாயில் அன்று அதிகமாக வந்த சொல் ‘பூட்லே’. மெதுவாக. வண்டி நிற்கிற இடமே 2500 மீட்டருக்கு மேல், ஏறக்குறைய நம் தொட்டபெட்டா உச்சி. ஊட்டியில் உச்சிக்குப் போய் போட்டோ எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவோமே, இங்கே அந்த உயரத்தில்தான் நடையே ஆரம்பிக்கிறது. ஜோபர்க்கே உயரமான ஊர், நமக்குப் பழக்கம்தான் என்று நினைத்தால், முதல் வளைவு தாண்டுவதற்குள் நெஞ்சு வேறு கதை சொல்லும்.

இப்போது நான் சொல்ல வந்த விஷயம். ஜோபர்க்கில் நாம் எப்படி இருக்கிறோம்? ரோபோவில் (சிக்னல் விளக்குக்கு இங்கே அதுதான் பேர்) சிவப்பு விழுந்தால், வழிப்பறிக்குப் பயந்து முதலில் கண்ணாடியைப் பார்க்கிறோம், யார் வருகிறார்கள் என்று. கேட் திறக்கும்வரை தெருவில் நிற்காமல் ஒரு சுற்று ஓட்டி வருகிறோம். போனை வெளியே எடுப்பதில்லை. நடப்பதென்றால் காம்ப்ளெக்ஸ் சுவருக்குள்ளே, மின்வேலிக்கு அடியிலே, செக்குமாடு மாதிரி பத்துச் சுற்று. நான் வந்து எட்டு வருஷம் ஆகிறது, எட்டு வருஷமாக எனக்கு நானே வாட்ச்மேன். ஊரை விட்டுத் தப்பித்து வர வேண்டும் என்று நாம் சொல்வது டிராஃபிக்கிலிருந்தோ ஆபீஸிலிருந்தோ இல்லை என்று எனக்கு அங்கேதான் புரிந்தது, இந்த வாட்ச்மேன் வேலையிலிருந்துதான்.

முதல் ஒரு மணி நேரம் நான் பழக்கதோஷத்தில் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்திருக்கிறேன். எனக்கே தெரியவில்லை. ந்தாதே நின்று, பின்னால் பார்ப்பது என் வேலை, நீங்கள் காலடியைப் பாருங்கள் என்றார். அவ்வளவுதான் சொன்னார். அதற்கப்புறம் நான் திரும்பவில்லை. புல் தெரிந்தது, பாறை தெரிந்தது. பாறை முழுக்கக் கறுப்பு. 18 கோடி வருஷத்துக்கு முன்னால் எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காகப் பரவி இறுகியது, கீழே மஞ்சளாகத் தெரிகிறதே அது மணற்பாறை, அதைவிடப் பழையது என்று அவர் கைத்தடியால் காட்டினார். தாடிக் கழுகு ஒன்று தலைக்கு மேலே வட்டமடித்தது. எலும்பைத் தூக்கிப்போய் உயரத்திலிருந்து பாறையில் போட்டு உடைத்துத் தின்கிற ஜாதி. எலும்பு விழுமா என்று எங்களில் ஒருவர் தொப்பியை இறுக்கிக்கொண்டார்.

ஸ்பீக்கர் விஷயம். எங்களிடமும் ஒன்று இருந்தது, பையில் மாட்டிக்கொண்டு ஒருவர் பாட்டுப் போட்டபடி வந்தார். ந்தாதே மரியாதையாகத்தான் நிறுத்தச் சொன்னார். மேலே யாராவது காலால் கல்லைத் தட்டிவிட்டால் ‘கல், கல்’ என்று கத்துவார்கள், அது எனக்குக் கேட்க வேண்டும், தூரத்தில் இடி உறுமினாலும் கேட்க வேண்டும் என்றார். நம் சங்கத்து ஸ்பீக்கரின் சைஸ் என்ன என்று உங்களுக்கே தெரியும்.

அப்புறம் சங்கிலி ஏணி. நான் போளூர்ப் பக்கத்துக்காரன், பர்வதமலையில் கடப்பாரைப் படியைப் பிடித்து, சங்கிலியைப் பிடித்து ஏறியவன், அதனால் ஏழு பேரிலும் நான்தான் ரொம்ப வாய் பேசினேன். கிட்டே போனதும் வாய் நின்றுவிட்டது. பர்வதமலையில் கம்பி பாறையில் அடித்து நிற்கும், இங்கே ஏணி மேலேயிருந்து தொங்குகிறது. ஏறும்போது பரவாயில்லை, இறங்கும்போதுதான் சோதனை. கம்பி ஐஸ் மாதிரி இருக்கிறது, கையுறை போட்டால் வழுக்குமோ என்று கழற்றிவிட்டேன், விரல் மரத்துப்போனது. சில இடத்தில் படிக்கட்டுக் கம்பி பாறையோடு ஒட்டிக் கிடக்கும், ஷூ முனை நுழைய இடமில்லை. சில இடத்தில் ஏணி பாறையை விட்டு விலகி லேசாகச் சுழலும், சங்கிலி கல்லில் மோதி ‘டணங்’ என்கும். என் முட்டி தன்பாட்டுக்குத் தந்தியடித்தது. கீழேயிருந்து ஒரு கை வந்து என் இடது கணுக்காலைப் பிடித்து, ஒரு சாண் வலப்பக்கம் நகர்த்தி, கம்பிமேல் வைத்தது. ‘பூட்லே, ந்தாதே’ என்றார். அவர் என்னை ஐயா என்கிறார், காலைப் பிடித்துக்கொண்டு. அந்தக் கையை நம்பி இறங்கினேன், வேறு ஒன்றையும் யோசிக்கவில்லை. எட்டு வருஷத்தில் நான் அவ்வளவு நிம்மதியாக இருந்த அஞ்சு நிமிஷம் அதுதான், பயத்தில் நடுங்கிக்கொண்டே.

இப்போது கணக்குப் போடுங்கள். ஒருவருக்கு 5 நிமிஷம் என்றால் 55 பேருக்கு நாலரை மணி நேரம். பக்கத்தில் இன்னொரு ஏணி இருக்கிறதே என்பீர்கள், சரி, பாதியாக்குங்கள். இறங்குவதற்கும் அதே கணக்கு. பிரியாணிப் பாத்திரம் தனி. ஒரு வழிகாட்டிக்கு ஒரே சமயத்தில் எத்தனை கணுக்காலைப் பிடிக்க முடியும்? நமக்குப் பின்னால் வருகிற மற்றவர்களும் அதே ஏணியில்தான் இறங்க வேண்டும் என்பது வேறு.

மேலே போனதும் ஒரு மேட்டுச் சமவெளி, ஆள் இல்லாத புல்வெளி, நடுவில் ஒரு ஓடை. கொஞ்சம் எட்டி வைத்தால் தாண்டிவிடலாம். அதுதான் துகேலா ஆறு. அந்த ஓடை விளிம்புக்குப் போய் அப்படியே விழுகிறது, 948 மீட்டர் என்று வெகுகாலமாகக் கணக்கு சொல்கிறார்கள். வெனிசுவேலாவின் ஏஞ்சல் அருவிதான் உலகத்திலேயே உயரம், 979 மீட்டர் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அதோடு போட்டி போடுகிற அருவி. விளிம்புக்குப் பக்கத்தில் எங்களை நிற்க விடவில்லை, குப்புறப் படுத்துத்தான் எட்டிப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய சட்டம்.

எங்கள் ஏழு பேரில் ஒருவர் டர்பன் பக்கத்து ஆன்ட்டி, அறுபதைத் தாண்டியவர். ஸ்டாங்கரில் பிறந்தவர். அவருடைய கொள்ளுத்தாத்தா கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாக வந்தவர், 1860-க்குப் பிறகு கப்பல் கப்பலாக வந்தார்களே அவர்களில் ஒருவர். ஆன்ட்டிக்குத் தமிழ் என்றால் தண்ணி, சோறு, சாமி, மாரியம்மன் கூழ், இவ்வளவுதான். அந்த ஓடை ஓரத்தில் உட்கார்ந்து, இது எங்கே போகிறது என்று ந்தாதேவிடம் கேட்டார். 500 கிலோமீட்டர் ஓடி, டர்பனுக்கு வடக்கே கடலில் கலக்கிறது என்றார் அவர். ‘ஐயோ, இது எங்கள் ஆறு’ என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, கையால் அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டு ‘தண்ணி’ என்றார். ஸ்டாங்கரிலிருந்து கொஞ்சம் வடக்கே போனால் துகேலா முகத்துவாரம். சின்ன வயசில் அதன் மேல் இருக்கிற பாலத்தில் எத்தனை தடவை போயிருப்பாராம். ஏணியில் எங்கள் எல்லாரையும்விட நன்றாக இறங்கியதும் ஆன்ட்டிதான். சொன்னதைக் கேட்டார், அவ்வளவே. நான்தான் பர்வதமலைப் பெருமை பேசிக்கொண்டு காலைத் தப்பாக வைத்தேன்.

இப்படி ஏழு பேராக, பேச்சில்லாமல் உட்கார்ந்திருந்த இடத்தில், 55 பேரையும் பிரியாணியையும் நினைத்துப் பார்க்கிறேன். ஜோபர்க்கிலிருந்து தப்பிக்கிறோம் என்று சொல்லி ஜோபர்க்கையே பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போவோம்.

தேதியும் சரியில்லை. செப்டம்பர் கடைசி என்றால் மழை பெய்து மாதக்கணக்காகியிருக்கும், அருவி பெரும்பாலும் பாறையில் ஓர் ஈரக்கோடாகத்தான் இருக்கும். அதைவிட முக்கியம், புல் காய்ந்து காற்று அடிக்கிற பருவம் அது, மலைத்தீ பிடிக்கிற காலம். குரங்கணி ஞாபகம் இருக்கிறதா? 2018 மார்ச்சில், தேனிப் பக்கம், நடக்கப் போனவர்கள் காட்டுத்தீயில் மாட்டி இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். நம்மைப் போல வார விடுமுறைக்குப் போன நகரத்து ஆட்கள்தான் அவர்களும். டிசம்பர், ஜனவரியும் வேண்டாம், மத்தியானம் ஆனால் இடி மின்னல், கையில் இரும்பு ஏணி. ஜூன், ஜூலையில் பனி விழலாம். ஏப்ரல் கடைசிதான் தோது, மழை நின்றிருக்கும், ஆற்றில் தண்ணீரும் இருக்கும்.

விடியற்காலை 2 மணிக்குக் கிளம்பி அன்றைக்கே திரும்புவதும் வேண்டாம். போக நாலரை மணி நேரம், மேலே ஏழெட்டு மணி நேரம், திரும்ப நாலரை. ராத்திரியில் என்3-இல் லாரிகளுக்கு நடுவே தூக்கக் கலக்கத்தோடு வரவேண்டும். பெரிய பஸ் கடைசிவரை போகவும் போகாது, மேலே போகிற ரோடு அந்த லட்சணம், பக்கி என்கிற பிக்கப் வண்டியில்தான் ஏற்றிப்போவார்கள்.

நான் கேட்பது, எட்டு எட்டுப் பேராக, இரண்டு நாள் பயணமாக, ஏப்ரல் கடைசியை ஒட்டி வெவ்வேறு வாரம் போகலாம். ஒவ்வொரு குழுவுக்கும் பதிவு பெற்ற ஒரு வழிகாட்டி, முடிந்தால் இரண்டு பேர், அந்த ஊர்க்காரர்களாக. ஏணி முடியாதவர்களுக்கு, குழந்தைகளுக்கு, அதே மலைச்சுவரைக் கீழேயிருந்து பார்க்க ராயல் நாட்டல் பூங்காவில் பள்ளத்தாக்கு நடை இருக்கிறது, அதற்கு மொத்தக் கூட்டமும் வரலாம், பிரியாணியும் வரலாம்.

இன்னொன்று, இது கொஞ்சம் கசப்பு. அன்று சாயங்காலம் காசு கொடுக்கும்போது நம் ஆள் ஒருவர், ரங்கநாதன் தெருவில் பெட்ஷீட் வாங்குவதுபோல, ஏழு பேர் வந்திருக்கிறோமே, கொஞ்சம் குறைக்கலாமே என்று ஆரம்பித்தார். பணக்காரப் பேட்டையான சாண்ட்டனில் காப்பிக்கு வாயைத் திறக்காமல் கார்டைத் தட்டுகிற அதே மனுஷர். ந்தாதே ஒன்றும் சொல்லாமல் கையுறையை மடித்துக்கொண்டிருந்தார். ஆன்ட்டிதான் நடுவில் புகுந்து முழுக்காசையும் எண்ணிக் கொடுத்தார். சங்கம் ஏற்பாடு செய்தால் வழிகாட்டிக் கட்டணத்தை முன்கூட்டியே ஆள் கணக்கில் சேர்த்து வாங்கிவிடுங்கள், அங்கே நின்று யாரும் பேரம் பேச வழியிருக்காது.

நீ மட்டும் போய்ட்டு வந்துட்டு எங்களைத் தடுக்கிறியா என்று சிலர் கேட்பார்கள். வாருங்கள், முதல் குழுவோடு நானே வருகிறேன், புளியோதரை நான் கட்டிக்கொண்டு வருகிறேன். இங்கே பாட்கோஸ் என்கிறார்களே, வழிக்குச் சோறு, அதற்குப் பிரியாணியைவிட நம் புளியோதரைதான் சரி, பையில் நசுங்கினாலும் ருசி போகாது.

சனிக்கிழமைக் கூட்டத்தில் இதை எடுங்கள். தேதி எதுவானாலும், ஷூ வாங்க வேண்டியவர்கள் இப்போதே வாங்கி, தினமும் காம்ப்ளெக்ஸுக்குள் போட்டு நடந்து பழக்குங்கள். நான் புது ஷூவோடு போனவன். ஏப்ரலில் கறுத்துப்போன பெருவிரல் நகம் விழுந்து, புது நகம் இப்போதுதான் பாதிக்கு வந்திருக்கிறது.

அன்புடன்,
உங்கள் போளூர்த் தம்பி