லாவோஸ் தலைநகர் வியன்டியானில் இருக்கும் மகளுக்கு

கோத்தகிரி

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நேற்று நல்ல மழை. இரண்டு நாளைக்கு அப்பாவுக்குத் தண்ணீர் கட்டும் வேலை இல்லை.

நீ போனில் மீகாங் ஆற்று ஆணையத்தைப் பற்றிச் சொன்னதிலிருந்து அதே நினைப்புதான். மீகாங் ஆற்றைச் சேர்ந்து கவனித்துக்கொள்வதாக 1995-ல் லாவோஸ், தாய்லாந்து, கம்போடியா, வியட்நாம் நான்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு அந்த ஆணையத்தை அமைத்தன. ஆறு இறங்கி வருகிற சீனாவும் மியான்மரும் அதில் உறுப்பினர் இல்லை என்றாயே, உடனே நம் ஓடைதான் கண்ணில் வந்து நின்றது.

நீ ஏழாவது படித்த வருஷம் ஞாபகமிருக்கிறதா? மேல்தோட்டத்துக்காரர்கள் மணல் மூட்டை அடுக்கி ராத்திரியெல்லாம் டீசல் மோட்டார் ஓட்டினார்கள். விடிந்து போனால் நம் குழியில் வெறும் சேறு. ஹோஸ் காற்றை இழுத்துக் கொரகொரவென்று கத்தும். அப்பா அதைக் கையில் பிடித்தபடி பேசாமல் நிற்பார். சண்டை, பஞ்சாயத்து எல்லாம் ஆயிற்று. கடைசியில் அவர்கள் ஒப்புக்கொண்டது ஒன்றே ஒன்று: மோட்டார் போடுவதற்கு முந்தின சாயங்காலம் டீக்கடைப் பலகையில் சாக்பீஸால் நேரத்தை எழுதிவிடுவது. ஓடையில் தண்ணீர் ஒரு சொட்டுகூடக் கூடவில்லை. ஆனால் நாம் முன்கூட்டியே தொட்டியை நிரப்பிக்கொண்டோம். கேரட் பிழைத்தது.

அதனால்தான் சீனா கீழே இருக்கும் நாடுகளுக்கு 2002-லிருந்து மழைக்கால நீர் அளவை மட்டும் சொல்லிவந்தது, 2020-லிருந்துதான் வருஷம் முழுக்கச் சொல்கிறது என்று நீ சொன்னபோது மனசு பதறியது. காய்கிற மாதத்தில்தானே கணக்கு தெரிய வேண்டும்! அப்புறம், பெரிய ஆற்றில் அணை கட்டும் நாடு மற்றவர்களைக் கலந்து பேசினால் போதும், வேண்டாமென்று அவர்கள் தடுக்க முடியாது என்பதும் எனக்குச் சரியாகப் படவில்லை. பேசிவிட்டு நினைத்ததையே செய்வதற்குப் பேச்சு எதற்கு?

மழைக்காலத்தில் மீகாங் பெருகி, கம்போடியாவின் டோன்லே சாப் ஆற்றையே பின்னோக்கித் தள்ளி ஏரியை நிரப்பும் என்றாயே. அங்கே வலை போடுகிறவர்களுக்கு, மேலே இருக்கும் அணைகளில் எவ்வளவு தண்ணீர் தேங்கியிருக்கிறது, எப்போது திறக்கிறார்கள் என்ற சேதி போய்ச் சேருகிறதா? அவர்கள் பாஷையில், அவர்கள் கண்ணில் படுகிற இடத்தில்? விசாரித்து எழுது. நீ பார்க்கிற வேலையில் இதைத்தான் நான் முதலில் கேட்பேன்.

வர்க்கி இரண்டு பாக்கெட் அனுப்பியிருக்கிறேன். நமுத்துப்போவதற்குள் சாப்பிடு.

அம்மா