மறுபடியும் உள்ளேயே இரு

அன்புள்ள மாலா,

இத்தனை நாள் பதில் போடாததற்கு நேரில் வந்து திட்டிக்கொள். இங்கே எல்லோரும் நலம். அக்கா அதே பிடிவாதம்தான், உனக்குத் தெரியாததா!

"கொரோனாவில் எல்லோரும்தானே அடைந்து கிடந்தோம், ஊரை இழந்தவர்களுக்கு மட்டும் என்ன தனி வேதனை?" என்று கேட்டாயே, அந்தக் கேள்வி என்னை விடவில்லை. தேடித் தேடிப் படித்தேன்.

ஜப்பானில் புகுஷிமாவை எடுத்துக்கொள். 2011 மார்ச் 11-இல் நிலநடுக்கம், சுனாமி, பின்னாலேயே அணு உலை விபத்து. 1,60,000 பேருக்கு மேல் ஊரை விட்டுப் போனார்கள். உலையிலிருந்து 20 முதல் 30 கிலோமீட்டருக்குள் இருந்தவர்களுக்கு முதலில் வந்த உத்தரவு, வீட்டுக்குள்ளேயே இருங்கள் என்பது. உலக சுகாதார நிறுவனம் கொரோனாவைப் பெருந்தொற்று என்று சொன்னதும் மார்ச் 11-இல்தான், 2020. மறுபடியும் கண்ணுக்குத் தெரியாத ஆபத்து, மறுபடியும் உள்ளேயே இரு. நமக்குத்தான் மாலா அது புதுப் பயம்.

இடம்பெயர்ந்த பிள்ளைகளைப் பள்ளியில் 'கிருமி' என்று கூப்பிட்டிருக்கிறார்கள், கதிர்வீச்சு ஒட்டிக்கொள்ளுமாம். அந்தப் பட்டத்தைச் சுமந்த பிள்ளைக்குக் கொரோனா காலத்தில் ஒரு இருமல் வந்தால் எப்படிப் பதறியிருக்கும்!

என்னை ரொம்ப உலுக்கியது அதற்கும் முந்தைய கதை. அதே ஜப்பானில், 1995 கோபே நிலநடுக்கத்துக்குப் பிறகு தற்காலிக வீடுகளைக் குலுக்கல் போட்டுக் கொடுத்தார்கள். அக்கம்பக்கம் சிதறிப்போனது. தனியாக இருந்த பலர் யாருக்கும் தெரியாமல் இறந்துகிடந்தார்கள். அதில் பட்டுத் தெளிந்துதான் 2004 நீகாட்டா நிலநடுக்கத்தின்போது யமகோஷி கிராமத்தினரைத் தெரிந்தவர்களோடு சேர்த்தே குடிவைத்தார்கள். 2011-க்குப் பிறகு குடியிருப்புகளில் கூடிப் பேச ஒரு கூடம், தேநீர், உடற்பயிற்சி என்று ஏற்பாடு செய்தார்கள். மருந்தே அந்தக் கூட்டம்தான். தொற்று வந்ததும் நின்றுபோனதும் அதுவே.

நிறுத்தியது தப்பு என்று சொல்லவில்லை, முதியவர்களுக்குத்தானே உயிராபத்து அதிகம். ஆனால் போனில் விசாரித்தால் போதுமா? "நல்லாத்தான் இருக்கேன்" என்று யாரும் சொல்லிவிடலாம். வாசலில் தேங்கிய தபாலும் சாராய வாடையும் போனில் தெரியாதே. முதல் வருஷத்திலேயே உலகம் முழுக்கப் பதற்றமும் மனச்சோர்வும் 25 சதவீதம் கூடின என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது சராசரி. இரண்டு முறை அடிபட்டவர்கள் அந்தச் சராசரிக்குள் கண்ணில் படுவார்களா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீ எழுதும் நிவாரணத் திட்டத்தில் முகக்கவசக் கணக்கோடு இதையும் சேர்: தொற்று வந்தாலும் திறந்தவெளியில் நாலைந்து பேராவது முகம் பார்த்துப் பேச ஒரு வழி. டாக்டர் மறுப்பார். நீ விடாதே, அவரை மடக்க உன்னால்தான் முடியும். அப்புறம் என்ன ஆயிற்று என்று உடனே எழுது.

உன்,
தேவி